மண்ணையும் கேட்டுப் பாருங்கள்
(கொட்டாஞ்சேனையில் நடந்த தோட்டத் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மலையிலிருந்து இரவு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். வெள்ளவத்தைக் கடைகளில் லீவு கேட்டு வந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சம்பளம் பேச வந்த இடத்தில் மண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். ஏன் குறைந்தது என்றால், கை மெதுவாம்! மண்ணையும் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி. பி.எச். 4.5 முதல் 5.5 வரை அதற்கு நல்லது. ஆனால் வருஷக்கணக்காக யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் மட்டும் போட்டால் மண் அதற்கும் கீழே புளித்துவிடும். அந்த உரம் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. மழை நைட்ரேட்டோடு கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போகிறது.

மண் துகள்களைச் சேர்த்துப் பிடிப்பதில் கல்சியத்துக்குப் பங்கு உண்டு. மண்புழுவும் மக்கிய இலையும் மீதி வேலையைச் செய்கின்றன. அளவுக்கு மிஞ்சிப் புளித்த மண்ணில் புழு தங்காது. பிறகு மழை விழுந்ததும் மண் கரைந்து, துவாரங்கள் அடைபட்டு, தண்ணீர் மேலாக ஓடும். நீங்கள் போட்ட உரமும் கானோடு போகும். காட்டோரத்து மண்கட்டி ஒன்று, மொட்டை விழுந்த மலையின் மண்கட்டி ஒன்று, இரண்டையும் காயவைத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள். எது முதலில் கரைகிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

மருந்து டொலமைட். மாத்தளை, திகனைப் பக்கம் தோண்டி எடுக்கும் கல்தான். மண்ணைப் பரிசோதித்து, கவ்வாத்துக் காலத்தில் போடச் சொல்கிறது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம். மரக்கறித் தோட்டம் போல அள்ளிக் கொட்டக்கூடாது. கூடினாலும் தேயிலை வாடும். யூரியாவோடு கலக்கவும் கூடாது, சத்து காற்றில் போய்விடும். கவ்வாத்துக் குச்சியும் மலையிலேயே மக்க வேண்டும். அதை விறகுக்குத் தூக்குகிறவர்கள் நாம்தான். கேஸ் விற்கிற விலையில் யாரைக் குறை சொல்வது?

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. செடி மெலிந்தது, பல தோட்டங்களில் கேட்ட நிறையோ கூடியது.

ஆகவே அடுத்த கவ்வாத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் துரையிடம் கேளுங்கள்: இந்த மலையின் பி.எச். எவ்வளவு, கடைசியாக எப்போது டொலமைட் போட்டீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தூள் வீசுகிறவர்களுக்கு முகக்கவசமும் கேளுங்கள். நிறையைப் பற்றிப் பேசப் போகும்போது அந்தக் கடிதம் நம் கையில் இருக்க வேண்டும்.