ஏற்றிய செல்கள் எங்கே போயின?

போன கூட்டத்தில் கார்-டி சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தபோது பி பிளாக் மாமி ஒருவர் கேட்டார்: "லட்சக்கணக்கில் செலவு பண்ணி செல்லை ஏத்தறாங்களே, அது கட்டிக்குத்தான் போச்சுன்னு யார் பார்த்தா?" அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு.

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, பெருக்கி, மறுபடி ஏற்றுவதுதான் கார்-டி. மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது ரத்தப் புற்றுநோய்க்கு. அங்கே ரத்தத்தையோ மஜ்ஜையையோ எடுத்துச் சோதித்துவிடலாம். மூளைக்குள் இருக்கும் கட்டியை அடிக்கடி குத்திப் பார்க்க முடியுமா?

பெட் ஸ்கேன் இருக்கிறதே என்பீர்கள். அதில் கொடுப்பது சர்க்கரை போன்ற ஒரு கதிரியக்க மருந்து. புற்றுநோய் செல் சர்க்கரைக்குப் பறக்கும். சண்டையில் இறங்கிய டி செல்லும் அப்படித்தான். படத்தில் இரண்டும் ஒரே வெளிச்சம்.

ஆகவே செல்லுக்கே அடையாளம் வைத்தார்கள். நெதர்லாந்தில் மெலனோமா நோயாளிகளுக்கு, நோய் எதிர்ப்பைத் தூண்டும் செல்களில் இரும்புத் துகள்களை ஏற்றி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே நிணநீர்க் கணுவில் ஊசி போட்டார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால், எட்டுப் பேரில் நான்கு பேருக்கு ஊசி இடம் தவறியிருந்தது! 2005-இல் வெளியான ஆய்வு இது. படம் எடுக்காமல் விட்டிருந்தால் பழி முழுக்க மருந்தின் தலையில் விழுந்திருக்கும்.

ஆனால் இந்த அடையாளம் பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடிக்கும் பெயின்ட் மாதிரி. கன்றுக்கு வராது. செல் இரண்டாகப் பிரியப் பிரிய மங்கும். செல் செத்தாலும் துகள் அங்கேயே கிடந்து ஏமாற்றும்.

ஸ்டான்ஃபோர்டில் சஞ்சீவ் சாம் கம்பீர் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். இவர் அம்பாலாவில் பிறந்தவர். ஹெர்ப்பீஸ் வைரஸின் ஒரு மரபணுவை டி செல்லில் சேர்த்தார்கள். அது இருக்கும் செல்லில் மட்டும் ஒரு கதிரியக்க மருந்து சிக்கிக்கொள்ளும். மரபணு என்பதால் பிரியும் செல்களுக்கும் போகும். செத்த செல் ஒளிராது. தொந்தரவு வந்தால் கான்சிக்ளோவிர் கொடுத்து அந்த செல்களையே அழிக்கலாம் என்பது கூடுதல் லாபம். மூளைக் கட்டி நோயாளி ஒருவரிடம் இப்படிப் பார்த்ததை 2009-இலும், ஏழு பேரிடம் பார்த்ததை 2017-இலும் வெளியிட்டார்கள். இடையில், 2015-இல், கம்பீரின் மகன் அதே வகை மூளைப் புற்றுநோயில் இறந்தான். 2020-இல் அவரும் புற்றுநோயால் காலமானார். இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கொஞ்சம் செல்கள் மட்டும் போயிருந்தால் படத்தில் தெரியாது. வைரஸ் சரக்கு என்பதால் உடம்பே அந்த செல்களை எதிர்க்கவும் கூடும்.

மாமிக்கு நேர் பதில்: பார்க்க முடியும், ஆனால் இன்னும் அது ஆராய்ச்சிக்கூடத்து வேலை. ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுப்பது சாதாரண பெட் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான். எனவே சிகிச்சைக்குப் பின் முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால் உடனே இடிந்துபோகாதீர்கள். "இது வளர்ச்சியா, வீக்கமா? மறுபடி எப்போது எடுக்கலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ஸ்கேன் சிடிக்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.