பிள்ளைத்தமிழுக்கு முந்திய பருவம்

தமிழிலே குழந்தையைப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாக அது விரியும். முதற் பருவமாகிய காப்பு, குழந்தையின் மூன்றாம் மாதத்துக்கு உரியது. அதற்கு முந்திய நாட்களை மரபு பாடாமலே விட்டுவிட்டது.

பாடப்படாத அந்த நாட்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் இரட்டைப் பிள்ளைகளின் தாய். 40 வாரம் வயிற்றில் இருக்க வேண்டியவர்கள் 29ஆம் வாரத்தில் பிறந்தார்கள். மகள் 1,180 கிராம். மகன் 960 கிராம். இருவரையும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர்களுடைய பெயர் ரீ-1, ரீ-2.

"பேர் வைச்சால் பாசம் கூடிப்போகும், கொஞ்சம் பொறு பிள்ளை" என்றார் உறவினர் ஒருவர். அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. நான்காம் நாளே நாங்கள் பெயர் வைத்துவிட்டோம். இருக்கும் நாள் எத்தனையாயினும் பெயரோடு இருக்கட்டும் என்றார் என் கணவர்.

குறைமாதப் பிள்ளைக்கு முதற் கண்டம் மூச்சு. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டிப்போகாமல் இருக்க, அவற்றின் உட்புறத்தில் ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். முந்திப் பிறந்த பிள்ளைகளிடம் அது போதாமல் இருப்பதை 1959இல் மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்கப் பெண் வைத்தியரும் அவருடைய சக ஆய்வாளரும் எடுத்துக்காட்டினார்கள். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணித்தியாலங்களில் இறந்தான். நோயின் காரணம் தெரிந்திருந்தது, மருந்து இருக்கவில்லை. 1980இல் யப்பானிய வைத்தியர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த அப்பூச்சைக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். ஜனாதிபதியின் பிள்ளைக்குக் கிடைக்காத அந்த மருந்து என் மகனுக்கு ஒரு குழாய் வழியாகக் கிடைத்தது.

மருந்தும் இயந்திரமும் வைத்தியர்களின் கையில். அப்படியானால் தாய்க்கு அங்கே என்ன வேலை? முதல் நாட்களில் இந்தக் கேள்விதான் என்னை வாட்டியது. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, முழங்கை வரை கழுவி, உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் கண்ணாடிப் பெட்டியின் துவாரத்தால் கையை விட்டு மகளின் முதுகைத் தடவினேன். அவள் துடித்து விரிந்தாள். பக்கத்தில் நின்ற தாதி, "தடவ வேண்டாம் அம்மா. தலையில ஒரு கை, காலடியில ஒரு கை. அப்பிடியே அசைக்காமல் வைச்சிருங்கோ" என்றார். அப்படியே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அடங்கிவிட்டாள். வருடல், ஆட்டல், கொஞ்சல் என்று நாம் அன்பாக எண்ணுபவற்றையெல்லாம் அந்தத் தோலும் நரம்பும் இன்னும் தாங்கமாட்டா. அசையாத கைதான் அங்கே தாலாட்டு.

அடுத்தது பால். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்செடுத்தல் ஆகிய மூன்றும் ஒழுங்காக இணைவதற்கு 34 வாரமளவில் ஆகும். அதுவரை மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாயால்தான் உணவு. முதலில் ஒரு மில்லிலீற்றர். மூன்று மணிக்கொரு தடவை, நள்ளிரவிலும் எழுந்து பால் எடுப்பேன். இரண்டு சிறிய ஊசிக்குழாய்களில் அதைப் பங்கிடுவார்கள். வேறு எவராலும் செய்ய முடியாத வேலை ஒன்று எனக்கு இருக்கிறது என்பது அப்போது உறைத்தது.

இரட்டையரின் தாய்க்கு இன்னொரு சோதனையும் உண்டு. மகளுக்கு 30 கிராம் ஏறிய நாளில் மகனுக்கு 20 கிராம் இறங்கும். 16ஆம் நாள் அவனுக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டது, பாலை நிறுத்தினார்கள். அவனுக்காக எடுத்த பால் குளிரூட்டியில் கிடந்தது. அந்நேரம் மகளை நெஞ்சோடு அணைப்பது அவனிடமிருந்து திருடுவதுபோல் எனக்குப்பட்டது. என் முகத்தை வாசித்த அதே தாதி சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ரெண்டு சாட் அம்மா. ஒண்டைப் பார்த்து மற்றதை வாசிக்க வேண்டாம்." ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் முதல் ஏழு பருவங்கள் பொது, கடைசி மூன்றே வேறு. என் பிள்ளைகளோ முதல் நாளிலேயே தத்தம் வழியில் நடந்தார்கள்.

தொற்று நீங்கியபின் அவனும் நெஞ்சுக்கு வந்தான். கங்காரு முறை என்று இதனைச் சொல்வார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாத நெருக்கடியில், எட்கார் ரே என்ற வைத்தியர் தொடக்கிவைத்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு அணைக்கலாம் என்று பரிந்துரைத்தது. தாய்தான் அணைக்க வேண்டும் என்றில்லை. ஒரு கதிரையில் நான் மகளோடும், அடுத்த கதிரையில் என் கணவர் சேட்டுப் பொத்தான்களைக் கழற்றி மகனோடும் இருந்தோம். தாழ்ந்த குரலில் அவர் ஏதோ முனகுவார். தால் என்றால் நாக்கு. அதை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பர். இயந்திரத் திரையில் துள்ளிக்கொண்டிருந்த மகனின் எண்கள் மெல்ல நிதானிக்கும்.

31ஆம் நாள் துடக்குக் கழிவன்று வீட்டிலே தொட்டில் வெறுமையாய் இருந்தது. அம்மா இரண்டு பஞ்சாயுதம் செய்வித்து வைத்திருந்தார். பழைய இலக்கியம் ஐம்படைத்தாலி என்று சொல்லும் அதே காப்பணி. கம்பிகளும் ஒட்டுப்பட்டிகளும் நிறைந்த அந்த நெஞ்சுகளில் அதற்கு இடமில்லை. பெட்டியைத் திரும்ப அலுமாரியில் வைத்தார்.

52ஆம் நாள் மகள் வீட்டுக்கு வந்தாள். பாதி மகிழ்ச்சிக்கு என்ன பெயர் என்று அன்று தேடினேன். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாள்தோறும் பஸ்ஸில் பால் கொண்டு போனேன். 71ஆம் நாள் மகனும் வந்து சேர்ந்தான். ஆறு நாள் கழித்து அவர்கள் பிறந்திருக்க வேண்டிய நாள் வந்தது. அப்போது அவர்களுக்கு மூன்றாம் மாதம், காப்புப் பருவம். ஊரார் கணக்கில் மூன்றாம் மாதம். வைத்தியர் கணக்கில் வயது பூச்சியம். இரண்டு கணக்கும் சரியானவையே.

நேயர்களே, உங்கள் அயலிலும் இத்தகைய தாய் தகப்பன் இருக்கக்கூடும். எத்தனை கிராம் என்று அவர்களைக் கேளாதீர்கள். எந்தப் பிள்ளை தேறும் என்றும் கேளாதீர்கள். பிள்ளைகளின் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒருநேரச் சோறு கொண்டு போங்கள். பெட்டிக்குள் கையை வைத்து அசையாமல் இருப்பவர்களும் பிள்ளை வளர்ப்பவர்களே. புலவர்கள் விட்டுவிட்ட அந்தப் பருவத்தை அவர்கள் ஒரு நாளும் தவறாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.