தோட்ட மண்டபத்தில் படக்கருவி



மலாயாப் படப்பிரிவு 1946ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் படங்களைத் தகவல் இலாகா வாகனங்கள் தோட்டத் திடல்களுக்குக் கொண்டு வந்ததை மூத்தோர் அறிவர். இன்றோ புரொஜெக்டரை மண்டபத்திலேயே நிலையாகப் பொருத்துகிறோம்.

முதலில் தூரத்தை அளத்தல் வேண்டும். எறிவிகிதம் 1.5 எனில், 2 மீட்டர் அகலப் படத்திற்குக் கருவி 3 மீட்டர் தள்ளியிருத்தல் வேண்டும். கூரைப் பலகையில் அன்று, உத்திரத்திலேயே மாட்டுக.

உயரத்திலுள்ள கருவியை இயக்க அன்றாடம் ஏணி ஏறலாகுமா? ஆகவே சுவரில் கட்டுப்பாட்டுப் பெட்டி அமைத்துக் கம்பியால் இணைக்கிறோம். பல கருவிகளில் இதற்கென ஆர்எஸ்-232 எனும் இணைப்பு உண்டு. பெட்டியின் அனுப்பும் முனை கருவியின் பெறும் முனையைச் சேர வேண்டும். தகவல் வேகமும் இருபுறமும் ஒன்றாதல் வேண்டும். தவறினால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் கருவி அசையாது. பழியோ கருவியின் மீது!

நாம் மிகவும் வற்புறுத்துவது வேறொன்று. விளக்குள்ள கருவியில், அணைத்த பின்னும் விசிறி சிறிது நேரம் சுழன்று சூட்டைத் தணிக்கும். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்தால் விளக்கின் ஆயுள் குறையும். புது விளக்கின் விலையோ தொழிலாளர் சேர்த்த மண்டப நிதியிலிருந்தே போகும். எனவே பெட்டி அணைக்கும் கட்டளையை அனுப்பி, விசிறி நின்ற பின்னரே மின்சாரம் நிறுத்தப்படுதல் வேண்டும். ஜெனரேட்டரைக் கவனிப்பவருக்கும் இதனைச் சொல்லி வையுங்கள்.