முதலாளிக்கு எந்தச் சாமி?

டிபன் பாக்ஸோட கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிகளே!

கடைக்காரர் மதம் பார்த்துச் சாமான் வாங்கலாமான்னு பேசச் சொல்லியிருக்காங்க. தோலும் ஷூவும் செய்யுற ஆம்பூர்ல வந்து இதைக் கேக்குறீங்களே!

2020 மே மாசம், ஊரடங்கு. தி.நகர்ல ஒரு பேக்கரிக்காரர் வாட்ஸ்அப்ல விளம்பரம் விட்டார்: எங்ககிட்ட முஸ்லிம் வேலையாளுங்க கிடையாது. போலீஸ் கைது பண்ணுச்சு. ஏன்யா, ரொட்டி எப்படி இருக்கும்னு சொல்லி விக்கலாம். யார் இல்லைன்னு சொல்லியா விக்கிறது?

2024 ஜூலையில உத்தரப் பிரதேசம் அதுக்கும் மேல போச்சு. சிவபக்தருங்க கன்வர் யாத்திரை போற வழியில கடைக்காரன் பேரை எழுதித் தொங்கவிடுன்னு உத்தரவு. என்ன சாப்பாடுன்னு எழுதட்டும், பேரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதேன்னு உச்ச நீதிமன்றம் தடுத்துச்சு.

எழுதுறதுன்னா முழுசா எழுதணும்! நம்மூர் ஷூவுல இடம் இருக்கா? தோலை உரிச்சவர், சுண்ணாம்புக் குழியில இறங்கினவர், பதனிட டிரம்முல போட்டவர், ஷூவோட மேல்தோல் தைச்ச பொண்ணு, பெட்டி கட்டினவர்... போட்டுக்கிட்டு நடக்கிறவன் ஜெர்மனிக்காரன். அவன் கேக்கல. தெருக்கோடி மளிகைக் கடையில இவர் கேக்குறார்!

இந்த 'இவர்' யாருன்னு சொல்ல மாட்டேன். சிரிக்காதீங்க, உங்களுக்கே தெரியும். நம்மாளு கடையிலயே வாங்குங்கன்னு ஊர் ஊரா மைக் பிடிக்கிறவர். அண்ணே, நெஞ்சு வலின்னா எங்கே ஓடுறீங்க? வேலூர் சி.எம்.சி.க்கு! 1900ல மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்சது. விடியக்காலம் வரிசையில நின்னப்போ டாக்டருக்கு எந்தச் சாமின்னு கேட்டீங்களா? எதிர்ப்பக்கமும் ஒருத்தர் இருக்கார். அவருக்கும் அதே பாட்டு, ராகம்தான் வேற.

நம்ம ஊரு மட்டும் யோக்கியமா? 2022 மே மாசம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லைன்னாங்க. எதிர்ப்பு கிளம்புச்சு. உடனே, மழை வரும்னு திருவிழாவையே தள்ளி வெச்சுட்டாங்க. வானிலை அறிக்கை அதிகாரிங்களுக்கு இவ்வளவு ஒத்தாசை பண்ணி நான் பார்த்ததே இல்ல!

இப்ப ஒரு அக்கா கதை. பேர் வேண்டாம், நாளைக்கு வேலைக்குப் போகணும். மாசாமாசம் சம்பளத்துல பி.எஃப். பிடிச்சாங்க, கட்டல. முதலாளியும் அக்காவும் ஒரே மதம். மேனேஜர் சொன்னாராம்: "நம்ம ஆளுங்க கம்பெனிம்மா, நாமே குறை சொல்லலாமா?" அக்கா கேட்டுச்சு: "நம்மாளுன்னா மொதல்ல நமக்குத்தானே குடுத்திருக்கணும்?"

தட்டுங்க, அந்த அக்காவுக்குத் தட்டுங்க! நூறு மேடையில நான் பேசினதை ஒரு வரியில பேசிடுச்சு.

கடைக்காரரை, முதலாளியைக் கேக்க வேண்டிய கேள்வி இதுதான்யா. எடை சரியா இருக்கா, கூலி ஒழுங்கா குடுக்குறாரா, கழிவுத் தண்ணியை எங்கே விடுறாரு? பாலாற்றங்கரையில கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல. எந்த மதத்து முதலாளி விட்ட தண்ணின்னு எந்தத் தென்னை மரமாவது கேட்டுட்டுக் காய்ஞ்சுதா? மாசு பண்ணினவன்தான் காசு குடுக்கணும்னு 1996லயே உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு வழக்குல தீர்ப்பு சொல்லிடுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு குடுங்கன்னு 2025 ஜனவரியில அதே கோர்ட்டு திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கு! புறக்கணிக்கணும்னு கை துறுதுறுன்னு இருந்தா இதுக்குப் புறக்கணிங்க.

கூட்டத் தலைவர் துண்டுச் சீட்டு குடுக்குறார். 'தலைப்புக்கு வாங்க'ன்னு எழுதியிருக்கு. ஐயா, பாலாறுதான் தலைப்பு!

சரி, முடிச்சுக்கிறேன். முன்வரிசையில இருக்கிற முதலாளிமாருங்களே, எல்லா மதத்துக்காரங்களும் இருக்கீங்க, சந்தோஷம். அந்த அக்காவுக்கு பி.எஃப். பணம் இன்னும் வரல. எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரியும்.