கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்

யோஹான் செபாஸ்டியன் பாக் காலமானது 1750இல். அவருடைய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' அச்சேறியது 1741இல். இத்தனை பழைய இசைக்கு இன்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் குறும்படம் எடுக்கும் ஓர் இளைஞர் அதிலிருந்து இரண்டு நிமிடத்தைத் தம் படத்தில் சேர்க்க நினைத்தால், அங்கேதான் சிக்கல் தொடங்கும். கடையில் கிடைக்கும் ஒலிப்பதிவு ஒரு கம்பெனியின் சொத்து. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியானபின் அதன் உரிமை 60 ஆண்டு நீடிக்கும். பாக் பொதுச்சொத்து, அவரைக் கேட்கும் வழி மட்டும் தனிச்சொத்து.

இந்த முடிச்சை அவிழ்க்க முன்வந்தவர் கிமிகோ இஷிசாகா, ஜெர்மனியில் பிறந்த பியானோ கலைஞர். 'ஓப்பன் கோல்ட்பெர்க்' என்ற அந்த முயற்சிக்கு 2011இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்கள் முன்கூட்டியே பணம் கொடுத்தார்கள். அதன்பின் நடந்ததுதான் அழகு. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் முழு இசைக்குறிப்பும் புதிதாக எழுதப்பட்டு, இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டது. பியானோ தெரிந்த எவரும் அதைப் படித்து, இந்த இடத்தில் ஸ்வரம் தவறு, அந்த இடத்தில் ஒரு குறி விட்டுப்போயிருக்கிறது என்று சுட்டிக்காட்டலாம். பதிப்பகத்தின் அறைக்குள் ஓரிருவர் செய்யும் பிழைதிருத்தம் திறந்த வெளியில் நடந்தது. பெர்லினின் டெல்டெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், போசெண்டோர்ஃபர் இம்பீரியல் பியானோவில் இஷிசாகா வாசித்தார். 2012 மே மாதம் இசைக்குறிப்பும் ஒலிப்பதிவும் சேர்ந்து வெளிவந்தன, எந்த நிபந்தனையும் இல்லாமல். பதிவிறக்கலாம், படத்தில் சேர்க்கலாம், வெட்டி ஒட்டலாம், விற்கவும் செய்யலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று தரத்தைச் சந்தேகிப்பவர்கள் 'ஆரியா' என்ற தொடக்கப் பகுதியைக் கேட்டாலே போதும். நிதானமான வாசிப்பு. இடதுகையின் கீழ்ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுகின்றன. அது முக்கியம், ஏனென்றால் அடுத்து வரும் 30 வேரியேஷன்களும் அந்தக் கீழ்ஸ்வர வரிசையின் மேல்தான் நிற்கின்றன. முப்பதாவதில் பாக் தம் காலத்து மக்கள் பாடித்திரிந்த நாட்டுப்பாடல் மெட்டுகளை எடுத்து ஒன்றோடொன்று பின்னியிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு அவர் யாரிடம் அனுமதி கேட்டிருப்பார்?

இஷிசாகா செய்தது போன்ற பகிர்வுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது, 2001இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு. அதன் முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. படைப்பாளி தம் விருப்பத்தை முன்னதாகவே எழுதிவைத்துவிடுகிறார்: என் பெயரைச் சொல், வியாபாரத்துக்கு எடுக்காதே, இதிலிருந்து நீ செய்வதையும் இதே போலப் பகிர். வேண்டிய நிபந்தனையை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம். இஷிசாகாவைப் போல எல்லாவற்றையும் துறந்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் பெயரையாவது வைத்துக்கொள்கிறார்கள்.

பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பாடகர் ஜொனாதன் கோல்ட்டன் கதையே சாட்சி. நியூயார்க்கில் மென்பொருள் வேலை பார்த்துவந்தவர், 2005இல் வேலையை விட்டுவிட்டு வாரம் ஒரு பாட்டு என்று ஓராண்டு முழுக்க வெளியிட்டார். பெயரைச் சொல்லி, காசு பார்க்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்றார். ரசிகர்கள் அந்தப் பாட்டுகளுக்குத் தாங்களே வீடியோ செய்து பரப்பினார்கள், வீடியோ பார்த்தவர்கள் கச்சேரிக்கு வந்தார்கள். அதே ஆண்டில் 'பேபி காட் பேக்' என்ற பழைய ராப் பாடலுக்கு அவர் புது மெட்டுப் போட்டுப் பாடினார். மூலப்பாடகர் தம் பெயரைச் சொல்லும் இடத்தில் 'ஜானி சி' என்று தம் பெயரை வைத்தார். 2013இல் 'க்ளீ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அந்த மெட்டு அப்படியே வந்தது. அந்த 'ஜானி சி'யும் மாறாமல் வந்தது. கோல்ட்டன் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. மனம் நொந்த அவர், தம் பழைய பதிவையே 'க்ளீ பாணியில்' என்ற தலைப்போடு மறுபடி விற்பனைக்கு விட்டு, வந்த தொகையை அறப்பணிக்குக் கொடுத்தார்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்குப் பெயரின் அருமை சட்டென்று புரியும். தியாகராஜர் தம் பெயரையும், தீட்சிதர் 'குருகுஹ' என்பதையும், சியாமா சாஸ்திரி 'சியாமகிருஷ்ண' என்பதையும் சாகித்தியத்துக்குள்ளேயே முத்திரையாக வைத்தார்கள். யார் எங்கே பாடினாலும் இயற்றியவர் பெயர் கூடவே போகிறது. உரிமத் தாள் எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அந்த ஏற்பாடு நடந்துவருகிறது.

திறந்த உரிமத்திலும் பெயர் கூடவே போன கதை உண்டு. நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற இசைக்குழு 2008இல் 'கோஸ்ட்ஸ்' என்ற 36 வாத்திய இசைத் துண்டுகளை, வியாபாரத்துக்குத் தடைவைத்துத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதில் ஒன்றை நெதர்லாந்து இளைஞர் ஒருவர் எடுத்துத் தாளம் சேர்த்தார். அதன்மேல் லில் நாஸ் எக்ஸ் என்ற பாடகர் பாடிய 'ஓல்ட் டவுன் ரோட்' 2019இல் பில்போர்டு பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டு பரவத் தொடங்கியதும் முறைப்படி அனுமதி பெறப்பட்டு, மூல இசையை இயற்றிய இருவர் பெயரும் பாட்டில் சேர்ந்தது. திறந்துவைத்ததால் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நைன் இஞ்ச் நெயில்ஸுக்கு ஏற்கெனவே பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. பெயர் தெரியாத ஒருவர் பாட்டைத் திறந்துவைத்தால் மட்டும் அடுப்பெரியாது. கச்சேரி வேண்டும், முன்பணம் கொடுக்கும் ரசிகர் வேண்டும். இஷிசாகாவுக்கு அப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தான் 2015இல் பாக்கின் 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' முதல் தொகுதியையும் அதே வழியில் அவரால் கொடுக்க முடிந்தது.

தியாகராஜர் முதலான நம் மும்மூர்த்திகளின் கிருதிகளுக்கு இப்படி ஒரு முயற்சி வர வேண்டும். கிருதிகள் பொதுவாக இருந்தும், அவற்றின் நல்ல ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் கம்பெனிகளிடம்தான் இருக்கின்றன. எந்தப் பாடாந்தரத்தை, அதாவது எந்தக் குருபரம்பரை பாடும் வடிவத்தை, பதிவுசெய்வது என்ற கேள்வி உடனே எழும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று பாடாந்தரங்களையும் ஸ்வரப்படுத்தி, வித்வான்களும் மாணவர்களும் திருத்தும்படி வெளியில் வைத்து, ஒவ்வொன்றையும் அந்தந்தப் பரம்பரையில் வந்தவர்களையே பாடச் சொல்லிப் பதிவுசெய்யலாம்.