ஓமத் தீநீர்

பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கியவர்களுக்குத்தான் இந்த உரை.

முன்பு எங்கள் தெருவுக்கு ஒரு சைக்கிள் வரும். கேரியரில் மரப்பெட்டி, பெட்டி நிறைய ஓம வாட்டர் பாட்டில்கள். விற்பவர் மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டுவார். அந்தக் கார நெடி ஏறியதுமே பாதி ஏப்பம் வந்துவிடும். விளம்பரம் அவ்வளவுதான்.

சித்த மருத்துவத்தில் இதற்கு ஓமத் தீநீர் என்று பெயர். ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வாலை என்னும் வடிகலத்தில் ஏற்றிக் காய்ச்சுவார்கள். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். மேலே மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். 100 கிராம் ஓமத்துக்கு 2 முதல் 4 கிராம் எண்ணெய் கிடைத்தால் பெரிது. அதன் காரத்துக்குக் காரணம் தைமால். முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனிக்காரர்கள் நம் ஓமத்தை வாங்கித்தான் தைமால் எடுத்தார்கள்.

இந்த எண்ணெயைவிட, அதைச் சுமக்கும் தண்ணீரைத்தான் நான் மெச்சுவேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம் தைமாலைத்தான் கரைத்துக்கொள்ளும். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்துவிட்டால், காய்ச்சுபவர் கை எவ்வளவு தாராளமானாலும் காரம் அதற்குமேல் ஏறாது.

இப்போது அதே எண்ணெய் சின்னக் குப்பிகளில் வருகிறது. ‘ரெண்டு சொட்டு நாக்குல விடுங்க’ என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, தொண்டையும் இரைப்பையும் புண்ணாகலாம். மற்ற எண்ணெய்களிலும் கவனம் வேண்டும். புதினா எண்ணெய் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துவது உண்மைதான். ஆனால் உணவுக்குழாயின் அடிவாசலையும் அது தளர்த்திவிடும், நெஞ்செரிச்சல்காரர் பாடு திண்டாட்டம். குடலுக்குப் போன பிறகே கரையும் உறைக்குள் அதை அடைத்து மாத்திரையாகத் தருவது அதனால்தான். நீலகிரித் தைலத்தை வாய்ப்பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். வயிற்று வலி விடாமல் இருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ ஓமத்தை நம்பி உட்காராமல் மருத்துவரிடம் போங்கள்.

சாதாரண வயிற்று உப்புசத்துக்கு வீட்டுச் சட்டி போதும். ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் படபடக்கும்வரை வறுத்து, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடிக் கொதிக்க விடுங்கள். திறந்து வைத்தால் மருந்தெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இறக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கிறதே, அதையும் தம்ளருக்குள் தட்டிவிடுங்கள்.