சொட்டும் தொடாதவர் கல்லீரல்



"டாக்டர், நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லையே, எனக்கு ஏன் கல்லீரலில் கொழுப்பு?" ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான். கூட வந்த மனைவி அவரை ஒரு பார்வை பார்ப்பார். பாவம், பெரும்பாலும் கணவர் சொல்வது உண்மை! அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக்கும் அவர் குழுவினரும் 20 பேரின் கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து 1980இல் எழுதினார்கள். அச்சு அசலாகக் குடிநோயாளியின் திசு. ஆனால் அந்த 20 பேரும் குடிகாரர்கள் இல்லை.

அங்கே என்னதான் நடக்கிறது? ஏரி வாரியத்தைக் கல்வெட்டிலேயே வெட்டிவைத்த இந்த ஊருக்கு, தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லீரலுக்குள்ளும் ஒரு கடைமடை உண்டு. ரத்தம் ஓரத்தில் நுழைந்து, செல் வரிசைகளைத் தாண்டி, நடுவிலுள்ள சிரையில் வடிகிறது. அந்தச் சிரையை ஒட்டிய செல்களுக்குப் பிராணவாயு குறைவு. பெரியவர்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் சேரும். நூற்றில் ஐந்து செல்லுக்கு மேல் கொழுப்பு என்றால் நோய் என்று பெயர். கொழுப்புத்துளி பெருத்து, செல்லின் உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

கொழுப்போடு நின்றால் பெரிய ஆபத்து இல்லை. சிலருக்கு அது நிற்பதில்லை. செல் உப்பிப் பலூன் ஆகிறது, சாகிறது, அழற்சி வருகிறது. பக்கத்தில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சாதுவாக இருந்த நட்சத்திர செல்கள் வேலையை மாற்றிக்கொண்டு நாரை உற்பத்தி செய்கின்றன. செல்லைச் சுற்றி மெல்லிய வலையாகத் தழும்பு. பிறகு தழும்புக்கும் தழும்புக்கும் பாலம். கடைசியில் முடிச்சு முடிச்சாகச் சிரோசிஸ். இத்தனைக்கும் வலிக்காது. அதுதான் இதில் கொடுமை.

"அது பட்டணத்துச் சீக்கு ஐயா" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். சென்னையில் 2009இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 32 பேர், சரிதான். ஆனால் மேற்கு வங்கத்தின் பீர்பூம் கிராமங்களில், 2010இல் வந்த ஆய்வில், ஏறக்குறைய 9 பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் குண்டானவர்களே அல்ல! வற்றல் உடம்பும் தப்பவில்லை. ஒல்லியாக இருக்கிறோம் என்று, இந்தக் கொழுப்போடு கைகோத்து வரும் சர்க்கரையைச் சோதிக்காமல் விடுகிறோமே, அது சரியா என்றுதான் கேட்கிறேன்.

சோற்றை விடச் சொல்லவில்லை; அளவைக் குறையுங்கள், குளிர்பானத்தை விடுங்கள். எடை கூடியவர் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கொழுப்பு மட்டுமல்ல, பலருக்குத் தழும்பும் பின்வாங்குகிறது. எழுபது கிலோ என்றால் ஏழு கிலோ.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்று மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணுக்கள், இந்த நான்கு எண்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று ஊகிக்கலாம். ரிப்போர்ட் கையிலிருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.